ஒரு மெட்டின் நெடும்பயணம்: காதற்பாட்டும் சிலுவைப்பாட்டும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் வாணி விழாவிலே மாணவியர் சிலர் கலைமகள்மீது ஒரு பாட்டுப் பாடினர். சொற்கள் நல்ல தமிழ்ச் சொற்கள். பாடியோர் குரலும் இனிது. ஆயினும் முதலடி முடியுமுன்னரே மண்டபத்தின் பின்வரிசைகளிற் சிரிப்பு எழுந்தது. காரணம் வெளிப்படை. அம்மெட்டு, அந்நாளில் ஒலிபெருக்கிதோறும் முழங்கிக்கொண்டிருந்த ஒரு திரைப்படக் காதற்பாட்டின் மெட்டு. விழா முடிந்தபின் ஆசிரியர் அறையில் வாதம் மூண்டது. மூத்த ஆசிரியர் ஒருவர், "இறைவனுக்கு இரவல் மெட்டு ஆகாது" என்றார். இளையவர் ஒருவர், "கிறித்தவர்களின் புகழ்பெற்ற சிலுவைப்பாட்டே ஒரு காதற்பாட்டின் மெட்டுத்தானே, ஐயா, அதை ஏன் எவரும் குறை கூறுவதில்லை?" என்று கேட்டார். யான் அன்று மூத்தவர் பக்கமே நின்றேன். எனினும் இளையவரின் வினாவுக்கு எங்களில் எவரும் விடை கூறவில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வினாவை அதற்குரிய இடத்திலே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெட்டின் பிறப்பு

இளையவர் சுட்டிய மெட்டை ஆக்கியவர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர். இவர் 1564 இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிற் பிறந்தார். 1584 இல் இத்தாலியின் வெனிஸ் நகர் சென்று அந்திரேயா கபிரியேலி என்னும் இசைவல்லாரிடம் பயின்றார். மீண்டுவந்து அவுக்ஸ்பேர்க்கிலே பெருஞ்செல்வரான ஃபுக்கர் குடும்பத்தாரிடம் இசைப்பணி ஏற்றார். தாம் லூதரின் வழி நின்றவர். தமக்குப் பணி ஈந்தோரோ கத்தோலிக்கர். ஒரே கையால் கோயிலுக்கு வேண்டிய இசையையும் கூடத்துக்கு வேண்டிய இசையையும் ஆக்கியவர் அவர்.

1601 இல் அவர் வெளியிட்ட பாட்டுத் தொகுதியின் பெயர் 'இன்பப் பூங்கா' எனப் பொருள்படுவது. அதில் ஐந்து குரல்கள் சேர்ந்து பாடுதற்கமைந்த ஒரு பாட்டு உண்டு. இளநங்கை ஒருத்தியால் தன் உள்ளம் கலங்கிப்போயிற்று என்றும், பகலும் இரவும் அமைதியில்லை என்றும் ஓர் ஆடவன் புலம்புவது அதன் பொருள். ஐந்து செய்யுட்களின் முதலெழுத்துக்களையும் வரிசையாகக் கூட்டினால் உரோம எழுத்தில் 'மரியா' என்னும் பெயர் வரும். சித்திரகவி பயின்ற நமக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. காதலியின் பெயரை மறைத்தும் மறைக்காமலும் கூறும் உத்தி இது. ஆகவே இம்மெட்டு ஐயத்துக்கிடமின்றி அகப்பொருட் பாட்டிலே பிறந்தது.

வேட்கை என்னும் பாலம்

1599 இல், கொள்ளைநோய் பரவிய காலத்தில், கிறிஸ்தோப் குனோல் என்பார் ஒரு ஞானப்பாட்டு இயற்றினார். இவ்வுலகத் துன்பத்தினின்றும் நீங்கி நல்ல முடிவை அடைய என் நெஞ்சு ஏங்குகின்றது என்பது அதன் கருத்து. 1613 இல் கேர்லிற்ஸ் நகரில் வெளிவந்த பாட்டுத் தொகுதியில் இப்பாட்டுக்கு ஹாஸ்லரின் மெட்டு இயைக்கப்பட்டது. ஹாஸ்லர் 1612 இலேயே காலமாகிவிட்டார். தம் காதற்பாட்டு ஆலயத்துள் நுழைந்ததை அவர் அறியார்.

இவ்விணைப்பைத் தற்செயலென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. காதற்பாட்டில் உள்ளது வேட்கை. குனோலின் பாட்டில் உள்ளதும் வேட்கையே. ஒன்று நங்கையை நாடுகின்றது. மற்றையது வீடுபேற்றை நாடுகின்றது. நாடப்படும் பொருள் வேறாயினும் நாட்டம் ஒன்றே. அம்மெட்டின் முதலடி ஏழு சுரங்களால் ஆயது. அது தொடங்கிய சுரத்தினின்று ஒருமுறை மேலே தாவி, அங்கே நிலைகொள்ள மாட்டாமற் படிப்படியாக இறங்கி, தொடங்கிய சுரத்துக்குக் கீழும் சென்று, மீண்டும் அச்சுரத்தையே வந்தடைகின்றது. எட்ட முயல்வதும் எட்டாமல் மீள்வதுமாகிய இவ்வியக்கம் ஏக்கத்தின் இயக்கமேயாம். எனவே மெட்டு தன் இயல்புக்கு மாறான சொற்களை ஏற்கவில்லை. தன் இயல்புக்கு ஒத்த வேறு சொற்களை ஏற்றது.

அடுத்த மாற்றமே இதனைச் சிலுவைப்பாட்டு ஆக்கிற்று. இடைக்காலத்து இலத்தீன் பாட்டு ஒன்று, சிலுவையில் அறையுண்ட இயேசுவின் பாதம், முழந்தாள், கை, விலா, மார்பு, இருதயம், முகம் என்னும் ஏழினையும் முறையே விளித்துப் போற்றுகின்றது. நம் பாதாதிகேச மரபை அறிந்தார் இவ்வமைப்பைக் கண்டு வியவாதிரார். அதனை முற்காலத்தார் கிளேர்வோ நகர்ப் பேர்னார்டின் ஆக்கம் என்றனர். பிற்கால ஆய்வாளர் அதன் பெரும்பகுதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினரான லூவென் நகர் ஆர்னுல்ஃப் என்னும் மடத்துத் தலைவர்க்கு உரித்தாக்குவர். முப்பதாண்டுப் போரின் அழிவைக் கண்ணாற் கண்டவரும், தம் மக்கள் ஐவருள் நால்வரைச் சாவுக்கு ஈந்தவருமாகிய பவுல் கேர்ஹார்ட் என்னும் போதகர் (1607–1676) இவ்வேழு பகுதிகளையும் ஜேர்மன் மொழியிற் பாடினார். அவற்றுள் முகத்தை விளிக்கும் இறுதிப் பகுதியே, குருதியும் காயமும் நிறைந்த தலையை நோக்கிப் பாடும் பாட்டு. 1656 இல் யோகான் குரூகர் தாம் பதிப்பித்த ஞானப்பாட்டு நூலில் அதற்கு ஹாஸ்லரின் மெட்டை அளித்தார். நங்கையின் முகத்தை நினைந்து ஏங்கிய மெட்டு, ஐம்பத்தைந்து ஆண்டுகளில், முள்முடி சூடிய முகத்தை நோக்கி அழும் மெட்டாயிற்று.

மாறியது சொல் மட்டுமன்று

இங்கே கருதவேண்டிய ஒன்று உண்டு. ஹாஸ்லர் அமைத்த பாட்டில் நடை துள்ளல் உடையது. இரண்டாய் எண்ணும் நடையும் மூன்றாய் எண்ணும் நடையும் ஒன்றுள் ஒன்று கலந்து வரும்; சில சுரங்கள் நீண்டும் சில குறுகியும் ஒலிக்கும். பயிற்சியுடைய பாடகர் சிலர் கூடி மகிழ்தற்கு அது ஏற்றது. ஆலயத்திலோ பாடுவோர் சபையார் அனைவரும். முதியோரும் சிறாரும் ஒருங்கே பாடவேண்டும். ஆகவே காலப்போக்கில் அந்நடை தேய்ந்து, ஒவ்வோர் அசைக்கும் ஒரே அளவான சுரம் என்னும் சமநடை வந்தது. காதலனின் துள்ளல் போய், பாரம் சுமப்போரின் அளந்த அடி வந்தது.

எனவே காதற்பாட்டின் மெட்டை ஆலயத்தில் அப்படியே பாடினர் என்று கூறுவது அரை உண்மையே. சுர ஒழுங்கு நின்றது. காலப்பிரமாணமும் நடையும் மாறின. வீணைத் தண்டு அதுவேயாயினும் மேளம் கட்டும் முறை மாறினால் ஒலி மாறுவதுபோல, நடை மாறிய மெட்டு உண்மையில் வேறொரு மெட்டாகவே நெஞ்சிற் படுகின்றது.

பாக் கண்ட ஐந்து முகங்கள்

இம்மெட்டின் ஆற்றலை முழுதும் வெளிப்படுத்தியவர் யோகான் செபஸ்தியன் பாக் (1685–1750). லைப்சிக் நகரின் தூய தோமா ஆலயத்தில் 1727 ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று முதலிற் பாடப்பட்டதென்று அறிஞர் கொள்ளும் 'மத்தேயுவின்படி திருப்பாடுகள்' என்னும் பேரிசை நூலில் இம்மெட்டு ஐந்து இடங்களில் வருகின்றது. மேய்ப்பன் வெட்டுண்ண ஆடுகள் சிதறும் என்று இயேசு கூறியபின் ஒருமுறை. உம்மை மறுதலியேன் என்று பேதுரு உறுதி கூறியபின் ஒருமுறை. பிலாத்துவின்முன் இயேசு வாய்திறவாது நின்றபின் ஒருமுறை. முள்முடி சூட்டி எள்ளியபின் ஒருமுறை. உயிர் பிரிந்த அக்கணத்தின்பின் இறுதியாக ஒருமுறை.

முதல் மூன்று தோற்றங்களிலும் சுருதி படிப்படியாகத் தாழ்கின்றது. நான்காவதில், கேர்ஹார்ட்டின் சிலுவைப்பாட்டுச் சொற்களே வருமிடத்தில், சுருதி ஐந்தினுள்ளும் உயர்ந்து நிற்கின்றது. ஐந்தாவதில் எல்லாவற்றினும் தாழ்கின்றது. யான் இறக்கும் வேளையில் என்னைப் பிரியாதே என்னும் வேண்டுதல் அத்தாழ்ந்த சுருதியில் எழும்போது, ஐந்து முறையும் பாடப்பட்டது ஒரே மெட்டு என்பதைக் கேட்போர் மறந்துவிடுகின்றனர். கதை நிகழ்த்துவோர் ஒருபால் இருக்க, கேட்போர் தம் நெஞ்சைத் திறந்து கூறும் இடங்களாக இவை அமைகின்றன. சபையார் நன்கறிந்த மெட்டாயிருந்தமையாலேதான் இது இயன்றது. புது மெட்டாயின் அவர்கள் இசையைக் கேட்டிருப்பர். பழகிய மெட்டாதலின் தம்மையே கேட்டனர்.

ஒரே சுரநிரை, மூன்று ஆதாரங்கள்

ஒரே மெட்டு இத்துணை முகம் காட்டுவது எங்ஙனம்? இதற்கு விடை காண நம் கருநாடக இசையின் கிரகபேதம் பெரிதும் துணைசெய்யும். மேனாட்டுப் பலகுரல் இசையில் மெட்டு ஒரு குரலிற் செல்ல, அதன்கீழ் வேறு குரல்கள் உடன்செல்லும். எச்சுரம் ஆதாரம் என்பதைப் பெரும்பாலும் அக்கீழ்க்குரல்களே உணர்த்துகின்றன. அவற்றை மாற்றினால், மேலே செல்லும் மெட்டில் ஒரு சுரமும் மாறாமலே ஆதாரம் மாறிவிடும்.

ஹாஸ்லர் மெட்டின் முதலடியை எடுத்துக்கொள்வோம். சங்கராபரணத்தின் ஆதாரம் கொண்டு பாடினால் அது 'க த ப ம க ரி க' என ஆகும். அதே ஏழு சுரங்களையும் தைவதத்தை ஆதாரமாகக் கொண்டு கேட்டால் நடபைரவி மேளத்தில் 'ப ச நி த ப ம ப' என ஆகும். காந்தாரத்தையே ஆதாரமாகக் கொண்டால் தோடி மேளத்தில் 'ச ம க ரி ச நி ச' என ஆகும். இங்கே யான் கூறுவது கமகத்தோடு கூடிய இராகத்தை அன்று. மேளத்தின் சுரநிரலை மட்டுமே என்பதை மாணவர் மனங்கொள்க.

இம்மெட்டுத் தொடங்குவதும் அக்காந்தாரத்திலே, முடிவதும் அக்காந்தாரத்திலே. ஆதலின் முடியும் இடத்தில் அது முடிவாகவும் கேட்கலாம், முடியாத வினாவாகவும் கேட்கலாம். உயிர் பிரிந்தபின் வரும் ஐந்தாவது தோற்றத்தில் பாக் அதனைத் தோடியின் சாயலில், வினாவாக நிறுத்துகின்றார். 1734 ஆம் ஆண்டுக் கிறித்துப் பிறப்புத் திருநாளில் தொடங்கி 1735 தைத் திங்கள் ஆறாம் நாள்வரை ஆறு பகுதிகளாக அவர் நிகழ்த்திய 'கிறித்துப் பிறப்புப் பேரிசை'யிலோ இம்மெட்டு இருமுறை வருகின்றது. முதற்பகுதியில், உம்மை எவ்வாறு வரவேற்பேன் என்னும் பாட்டுக்கு அது வினாவாகவே முடிகின்றது. இறுதிப் பகுதியின் கடைசிப் பாட்டில் எக்காளமும் முரசும் முழங்க, சங்கராபரண ஆதாரத்தில், வெற்றி விடையாக முடிகின்றது.

பிள்ளை பிறந்த விழாவிலே சிலுவையின் மெட்டை வைத்தது, தொட்டிலின்மேல் சிலுவையின் நிழலைக் காட்டுதற்கே என்று பலர் உரைகூறியுள்ளனர். அழகிய உரைதான். ஆயினும் அம்மெட்டு அக்காலத்தில் சிலுவைப்பாட்டுக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. குனோலின் பாட்டுக்கும், உன் வழிகளை இறைவனிடம் ஒப்புவி என்னும் கேர்ஹார்ட்டின் மற்றொரு பாட்டுக்கும் அது வழங்கிற்று. பின்னாளில் நாம் கேட்ட பழக்கத்தை முன்னாளிற் கேட்டார்மேல் ஏற்றுதல் திறனாய்வில் நேரும் பெரும் பிழைகளுள் ஒன்று. சிலுவையின் நிழல் பாக்கின் உள்ளத்தில் இருந்திருக்கலாம். அன்றி அது நம் செவியிலே பிற்காலம் விழுத்திய நிழலாகவும் இருக்கலாம்.

நம்மவர் வழக்கு

இனி, அயலார் செய்ததை வியந்து நிற்கும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் தகும். திருவாசகத்தை ஓதும் நம் மாணவர்க்குத் திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என்னும் பெயர்கள் பழகியவை. அம்மானை ஆடுவதும் சுண்ணம் இடிப்பதும் பூக்கொய்வதும் ஊசலாடுவதும் மகளிர்தம் விளையாட்டும் தொழிலுமாம். அவ்வாட்டப் பாட்டுக்களின் வடிவத்தை மாணிக்கவாசகர் இறைவனுக்கு ஆக்கினார். திருக்கோவையாரில் நானூறு துறைகளாலும் அகப்பொருளையே தில்லைக் கூத்தனுக்கு உரித்தாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு வாத்திய மெட்டுக்கள் பலவற்றுக்கு வடமொழியில் இறைதுதி இயற்றினார். அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும். ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஆகவே இரவல் மெட்டு ஆகாது என்னும் விதி நம் மரபிலும் இல்லை.

ஆனால் மெட்டை வாங்கினால் மட்டும் போதாது என்பதற்கும் தமிழிலேயே சான்றுண்டு. 1706 இல் சீகன்பால்கு முதலானோர் தரங்கம்பாடிக்கு வந்தபின் ஜேர்மானிய ஞானப்பாட்டுக்கள் தமிழாக்கப்பட்டன. 1740 இல் வந்த பப்ரிசியுஸ் அப்பணியிற் சிறந்து விளங்கினார். கேர்ஹார்ட்டின் சிலுவைப்பாட்டும் தமிழ் வடிவம் பெற்று, ஹாஸ்லரின் மெட்டிலேயே பெரிய வெள்ளியன்று தமிழ்த் திருச்சபைகளிற் பாடப்பட்டு வருகின்றது. அதனைப் பாடுவோரின் பத்தியை எவரும் ஐயுறார். எனினும் யாப்பு நோக்கிற் கூறவேண்டியது ஒன்றுண்டு. ஏழசையும் ஆறசையுமாக மாறிவரும் இவ்வடிவம் அழுத்தம் பற்றி நடக்கும் ஜேர்மன் மொழிக்கு இயல்பானது. தமிழோ குறில் நெடில் பற்றி நடப்பது. எல்லா அசைக்கும் ஒரே அளவு தரும் சமநடை மெட்டிலே தமிழ்க் குறில் நீண்டு நெடிலாக ஒலிக்கின்றது. 'மலை' என்றது 'மாலை' எனக் கேட்கின்றது. இதற்கு மறுமொழி போன்று எழுந்தவை தஞ்சை வேதநாயகம் சாத்திரியாரின் (1774–1864) கீர்த்தனங்கள். அவர் கிறித்தவப் பொருளை நம் இராக தாளங்களில் வைத்துப் பாடினார். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ்ச் செவி அறிந்த நடையை அளித்தமையால் அவை ஆலயத்துக்கு வெளியேயும் சுவைக்கத்தக்கனவாயின.

மீண்டும் தெருவுக்கு

ஹாஸ்லரின் மெட்டு ஆலயத்துள்ளேயே அடங்கிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான ரொம் கிளேசர் மாந்தர் யாவரும் உடன்பிறந்தார் என்னும் கருத்துடைய பாட்டை அதற்கு அமைத்தார். 1973 இல் போல் சைமன் வெளியிட்ட 'அமெரிக்க மெட்டு' என்னும் பாட்டு, களைத்தும் கலங்கியும் நின்ற தம் நாட்டு மக்களின் நிலையை இம்மெட்டைத் தழுவிய இசையிற் கூறுகின்றது. இதனைச் சமய நிந்தனை என்று சொல்வார் அரியர். காரணம், ஏக்கத்தின் மெட்டு ஏக்கத்துக்கே பயன்பட்டது. அன்றியும் நானூறு ஆண்டுகளில் அம்மெட்டு ஈட்டிய கண்ணீரின் பாரம் அப்புதுச் சொற்களுக்கும் கனம் தந்தது. ஆலயம் கூடத்தினின்று கடன் பெற்றது. பின்பு தெரு ஆலயத்தினின்று வட்டியோடு பெற்றுக்கொண்டது.

முடிபு

இவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மெட்டுக்குப் பிறப்பால் வரும் சாதி இல்லை. ஆனால் இயல்பு உண்டு. அவ்வியல்பு புதுச் சொல்லின் பொருளோடு இயையவேண்டும். இரண்டாவது, வாங்கியவர் அதன்மேல் உழைக்கவேண்டும். நடையைத் திருத்தியோர், ஆதாரத்தை மாற்றியோர், சொல்லை அளந்து வைத்தோர் எனப் பலரின் உழைப்பாலேதான் ஹாஸ்லரின் காதற்பாட்டு கேர்ஹார்ட்டின் சிலுவைப்பாட்டாயிற்று. மூன்றாவது, கேட்போர் நெஞ்சில் பழைய சொல்லின் பிடி தளர்ந்திருக்கவேண்டும்.

மூன்றாவதற்கு ஒரு தடை எழலாம். 1601 இற்கும் 1613 இற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளே சென்றன. அதற்குள் பழைய சொல் மறந்துவிடுமோ என்று கேட்கலாம். அக்காதற்பாட்டு ஐந்து குரலாற் பாடப் பயின்றாரிடையே வழங்கியது. சந்திதோறும் ஒலிபெருக்கியில் முழங்கியதன்று. இன்றைய திரைப்பாட்டோ சொல்லோடும் காட்சியோடும் நடிகர் முகத்தோடும் ஒவ்வொரு வீட்டினுள்ளும் புகுந்து பதிகின்றது. வாணி விழாவிற் சிரித்த மாணவர் கலைமகளை எள்ளவில்லை. மெட்டு அவர்களுக்குக் காட்டிய காட்சியை நினைத்தே சிரித்தனர். அச்சிரிப்புக்குப் பொறுப்பு அவர்களுடையதன்று. சென்ற திங்களின் மெட்டை எடுத்து, நடையும் மாற்றாது, சொல்லை மட்டும் ஒட்டவைத்த நம்முடையது.

ஆகவே ஆசிரியர் அறையின் வாதத்தில் இருவரும் பாதி வென்றனர் என்பேன். இரவல் ஆகாது என்ற மூத்தவர் மரபை மறந்தார். கிறித்தவர் செய்தனரே என்ற இளையவர் அவர்கள் பட்ட பாட்டை மறந்தார். அடுத்த விழாவுக்குப் பாட்டுக் கட்ட முனையும் மாணவர்க்கு யான் தடை சொல்லேன். ஒன்று மட்டும் கேட்பேன்: அம்மெட்டை நீங்கள் வாங்கினீர்களா, அன்றி உழைத்து உங்களுடையதாக்கினீர்களா? இரண்டாவதற்கு ஆம் என்பாராயின், பின்வரிசையில் அமர்ந்து கேட்க யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.